சூப்பர் கேம் பாய் 2-இல் 24 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்: நீண்ட நாள் அனுபவம்

சூப்பர் கேம் பாய் என்பது கேம் பாய் கேம்களை டிவியில் ஆட, சூப்பர் நின்டெண்டோ கன்சோலில் செருகும் ஒரு கேட்ரிட்ஜ். அதன் இரண்டாம் பதிப்பான சூப்பர் கேம் பாய் 2-இல் இருந்த, வேகத்தை நிர்ணயிக்கும் கிரிஸ்டலை எடுத்துவிட்டு 24 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு என் அனுபவம் உதவும்.

1994-இல் வந்த முதல் சூப்பர் கேம் பாய்க்குச் சொந்த கிளாக் (எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று சொல்லும் துடிப்பு) கிடையாது. சூப்பர் நின்டெண்டோவின் 21.477 மெகாஹெர்ட்ஸை வாங்கி ஐந்தால் வகுத்துக்கொள்ளும். அதனால் 4.194 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய கேம் பாய் அதில் 4.295-இல், சுமார் 2.4 சதவீதம் வேகமாக ஓடியது. 1998-இல் ஜப்பானில் மட்டும் வெளியான இரண்டாம் பதிப்பில் 20.97152 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்றை உள்ளேயே வைத்து அதைச் சரிசெய்தார்கள். நாம் கைவைப்பது அந்தக் கிரிஸ்டலில்தான். 24-ஐ ஐந்தால் வகுத்தால் 4.8 மெகாஹெர்ட்ஸ், அதாவது 14 சதவீதத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வேகம்.

புதுக் கிரிஸ்டலை நேரடியாக சால்டர் செய்யாதீர்கள். சின்ன சாக்கெட் ஒன்றை வைத்து அதில் செருகுங்கள். ஒயர் இழுத்து ஸ்விட்ச் வைக்கும் ஆசையும் வேண்டாம். கிரிஸ்டலுக்குப் போகும் ஒயர் நீண்டால் ஆசிலேஷன் (கிரிஸ்டலின் அதிர்வு) தடுமாறும்.

ஓவர்கிளாக் செய்தால், அதாவது கிளாக்கை வேகமாக்கினால், கேம் திணறுவது நின்றுவிடும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். இங்கே அது நடக்காது. கேம் பாயில் சிபியு, திரை, ஒலி மூன்றும் ஒரே கிளாக்கில் ஓடுகின்றன. ஒரு ஃபிரேமில் முடியாத வேலை இப்போதும் இரண்டு ஃபிரேம் எடுக்கும், ஒவ்வொரு ஃபிரேமும் சீக்கிரம் வரும், அவ்வளவுதான். மொத்த உலகமும் சேர்ந்து வேகமாகிறது.

அதனால் என்ன விளையாடுகிறோம் என்பதே முக்கியம். போகிமான் ரெட் மாதிரி மெதுவான ஆர்பிஜிக்கு இது அருமை. சண்டைக் காட்சிகள், எழுத்து எழுத்தாக வரும் வசனங்கள், லெவல் ஏற்ற ஒரே புல்வெளியில் திரும்பத் திரும்ப நடப்பது எல்லாமே சுறுசுறுப்பாகிவிடுகிறது. பழகிய பிறகு அசல் வேகத்தில் அதே கேமை ஆட எனக்குப் பொறுமை வருவதில்லை. போகிமான் கோல்டில் இன்னொரு வசதி: நேரம் காட்டும் கடிகாரத்துக்குக் கேட்ரிட்ஜுக்குள்ளேயே தனியாக 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கிறது. அதனால் கேம் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பகலும் இரவும் நேரத்துக்குத்தான் வரும்.

ஆக்‌ஷன் கேம்களில் கதை வேறு. கேம் பாய் இப்போது விநாடிக்கு 68 ஃபிரேம் தயாரிக்கிறது, டிவிக்குப் போவது 60 தான். மீதி எட்டும் தொலைந்துபோகின்றன. பக்கவாட்டில் ஸ்க்ரோல் ஆகும் இடங்களில் படம் வெட்டி வெட்டி நகர்வது நன்றாகவே தெரியும். ஒரு ஃபிரேம் விட்டு ஒரு ஃபிரேம் காட்டி நிழல் மாதிரி தெரிய வைக்கும் உருவங்கள் தாறுமாறாக மின்னும். அசல் கிரிஸ்டலில் 59.7-க்கு 60.1 என்ற கணக்கு. கிட்டத்தட்ட மூன்று விநாடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேம் இரண்டு தடவை வரும், கண்ணுக்குத் தெரியாது.

இசைதான் எனக்குப் பெரிய குறை. சுருதி ஒரு கட்டைக்கும் சற்று மேலே ஏறிவிடுகிறது. டாங்கி காங் கேமில் நாம் காப்பாற்ற வேண்டிய பெண்ணான பாலின் கத்தும் குரல் சூப்பர் நின்டெண்டோ பக்கத்திலிருந்து வருவதால் அது மட்டும் அப்படியே இருக்கிறது, சுற்றியுள்ள இசை ஏறிப்போய் நிற்கிறது. கேட்கவே ஒட்டவில்லை. இசைக்காக நான் நேசிக்கும் எந்த கேமையும் இந்த வேகத்தில் ஆட மாட்டேன்.

வெப்பமோ ஹேங்கோ சேவ் அழிந்ததோ இதுவரை இல்லை. டிவியில் கேமைச் சுற்றி வரும் பார்டர் படம் மட்டும் சில கேம்களில் எப்போதாவது வராமல் போகும், ரீசெட் செய்தால் வந்துவிடும். லிங்க் கேபிள் போட்டு இன்னொரு கேம் பாயுடன் போகிமான் பரிமாறும்போது மட்டும் பழைய கிரிஸ்டலுக்குப் போய்விடுகிறேன். சாக்கெட் வைக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

அப்புறம், போகிமான் ரெட் காட்டும் விளையாட்டு நேரத்தை நம்பாதீர்கள். அது ஃபிரேம்களை எண்ணித்தான் நேரம் சொல்கிறது. அதில் எட்டு மணி நேரம் என்று இருந்தால் நீங்கள் ஆடியது ஏழுதான்.