பூமி மாறியது பையவா, பட்டென்றா?

பூமி எப்படி இந்த உருவத்துக்கு வந்தது என்பதில் பாறை ஆய்வாளர்கள் ரொம்ப நாள் இரண்டு கட்சியாக நின்றார்கள். ஒரு கட்சிக்குத் தலைவர் குவியே, புதைபடிவங்களை ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர். பாரிஸைச் சுற்றியுள்ள பாறை அடுக்குகளில் ஒன்றில் கடல் சிப்பி, அடுத்ததில் நன்னீர் நத்தை, சில விலங்குகளோ ஒரு மட்டத்துக்கு மேல் அடியோடு காணோம். திடீர்ப் புரட்டல்கள் நடந்திருக்க வேண்டும் என்றார். எதிர்க்கட்சிக்கு ஹட்டன், அவருக்குப் பின் லயல், இருவரும் ஸ்காட்லாந்துப் பாறை ஆய்வாளர்கள். இன்று பெய்யும் மழையும் ஓடும் ஆறுமே போதும், காலம் மட்டும் வேண்டும் என்றார்கள்.

ஹட்டனின் வாதத்துக்குப் பலம் சிக்கார் பாயிண்ட். ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் இருக்கும் அந்த இடத்தை 1788-இல் படகில் போய்ப் பார்த்தார். கீழே செங்குத்தாக நிற்கும் சாம்பல் நிறப் பாறை, அதன் தலையில் லேசாகச் சாய்ந்து கிடக்கும் செம்மணற்கல். கீழ்ப்பாறை கடலடியில் படிந்து, இறுகி, மடிந்து நிமிர்ந்து, மேலே எழும்பி, தேய்ந்து மழுங்கி, அப்புறம்தான் அதன்மேல் மணல் படிந்திருக்க முடியும். எந்த வெள்ளமும் ஒரே மூச்சில் செய்கிற வேலையில்லை இது.

இதுவரை சரி. ஆனால் லயல் ஒரு படி மேலே போனார். இயற்கை விதி மாறாது என்பது வேறு, மாற்றத்தின் வேகம் மாறாது என்பது வேறு. அவர் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார். அந்த முடிச்சில் மாட்டியவர் அமெரிக்கப் பாறை ஆய்வாளர் பிரெட்ஸ்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கிழக்கில் எரிமலைப் பாறைத் தரை தாறுமாறாகக் கிழிந்து கிடக்கிறது, நீரே இல்லாத அருவிகள் நிற்கின்றன. இது ராட்சத வெள்ளத்தின் வேலை என்று 1923-இல் எழுதினார். பைபிளின் நோவா வெள்ளக் கதை திரும்பி வருகிறதோ என்ற பயமும் சேர்ந்துகொள்ள, துறையின் பெரியவர்கள் ஒதுக்கித் தள்ளினார்கள். அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டது மட்டும் நியாயம்தான். பதில் பனியுகத்தில் கிழக்கே தேங்கி நின்ற மிசௌலா பனி ஏரியில் இருந்தது: பனிப்பாளமே அணையாக நின்று, உடைந்து, மறுபடி அடைத்து, மறுபடி உடைந்து, பல தடவை ஏரியே காலியாகியிருக்கிறது. 1979-இல் அமெரிக்கப் புவியியல் கழகத்தின் உயரிய விருதான பென்ரோஸ் பதக்கம் வந்தபோது பிரெட்ஸுக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது.

இதே சமயத்தில் ஆல்வரெஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்களின் குழு வேறு இரிடியம் நிறைந்த களிமண் படலத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. இரிடியம் பூமியின் மேல்தரையில் அரிது, விண்கற்களில் அதிகம். டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த விண்கல், அதன் தடமாக மெக்சிகோவின் யுகடானில் புதைந்து கிடக்கும் சிக்சுலுப் பள்ளம். இதற்கு மேல் திடீர் என்று எதைச் சொல்வது?

தக்காண எரிமலைப் பாறைதான் எந்தக் கட்டத்திலும் அடங்காது. அதே காலத்தில், பல லட்சம் ஆண்டுகள் விட்டுவிட்டுக் கொட்டிய குழம்பு அது. நம் கணக்கில் மெதுவானது, பூமியின் கணக்கில் கண்ணிமைப்பு. டைனோசர்களின் முடிவில் அதற்கு எவ்வளவு பங்கு என்ற சண்டை ஓயவில்லை. நான் விண்கல் கட்சி.