டெல்டா 1010: எட்டு மைக், ஒரே கடிகாரம்

டிரம்ஸ் பதிவு என்றால் எனக்கு இன்றும் டெல்டா 1010தான். எம்-ஆடியோவின் இந்த பிசிஐ சவுண்ட் கார்டு (மதர்போர்டின் பிசிஐ ஸ்லாட்டில் செருகுவது) 1990களின் கடைசியில் வந்தது. கணினிக்குள் ஒரு கார்டு, வெளியே ரேக்கில் மாட்டும் ஒரு பெட்டி, நடுவில் ஒரு தடித்த கேபிள். எட்டு அனலாக் உள்ளீடு, எட்டு வெளியீடு, ஒரு ஜோடி எஸ்பிடிஃப் (டிஜிட்டல் ஒலி இணைப்பு), மிடி (கீபோர்டு போன்ற கருவிகளுக்கான இணைப்பு). 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவு செய்யலாம்.

கிக் என்ற பெரிய டிரம்முக்கு ஒரு மைக், ஸ்நேர் டிரம்முக்கு மேலும் கீழும் இரண்டு, ஹை-ஹாட் தாளத்தட்டுக்கு ஒன்று, இரண்டு டாம், தலைக்கு மேலே இரண்டு. கணக்கு எட்டோடு முடிகிறது. ஒலியை எந்த வேகத்தில் மாதிரி எடுப்பது என்று கார்டில் உள்ள ஒரு கடிகாரம்தான் சொல்லும்; இந்த எட்டும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதுதான் முக்கியம். காசை மிச்சம் பிடிக்க நான் முதலில் இரண்டு சாதாரண கார்டுகளைச் சேர்த்து முயன்றேன். இரண்டு கார்டின் கடிகாரமும் பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபட்டால் போதும், நிமிடத்துக்கு 1.2 மில்லிசெகண்ட் விலகும். ஐந்து நிமிடப் பாட்டின் முடிவில் 6 மில்லிசெகண்ட். ஸ்நேரின் அடி இரட்டையாகக் கேட்கும், அடிநாதம் கரைந்துபோகும். எடிட்டிங்கில் எவ்வளவு நகர்த்தியும் அது சரியாகவில்லை. ஒரே கார்டில் பதிந்த அன்றுதான் ஸ்நேர் ஸ்நேராகக் கேட்டது.

இன்னொரு பெரிய சுகம், கார்டில் உள்ள என்வி24 சிப்பின் மிக்சர். உள்ளே வரும் குரல் மென்பொருள் வரை போய்த் திரும்பாமல், சிப்புக்குள்ளேயே கலந்து ஹெட்போனுக்கு வந்துவிடும். பாடுகிறவருக்குத் தன் குரல் பிந்திக் கேட்காது. பழைய கணினியில் பஃபரை (ஒலியைச் சற்று நேரம் சேர்த்துவைக்கும் இடம்) தாராளமாக வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பதியலாம். லினக்ஸில் முடிதா24 என்ற நிரலில் இந்த மிக்சர் முழுவதும் கைக்குள் வருகிறது. கார்டுக்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. புதிய விண்டோஸ் மட்டுமே வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம், டிரைவருக்காகவே நாட்கள் போய்விடும்.

அனலாக்கை டிஜிட்டலாக்கும் வேலை வெளிப்பெட்டியில் நடப்பதால் கணினியின் இரைச்சல் ஒலியில் ஏறுவதில்லை. 1010எல்டி என்ற தம்பி கார்டில் இந்தப் பெட்டி கிடையாது. அதில் எல்லாம் கார்டிலேயே, கொத்தாகத் தொங்கும் ஆர்சிஏ கேபிள்களோடு. ஆனால் அதில் இரண்டு எக்ஸ்எல்ஆர் மைக் உள்ளீடு உண்டு. பெரிய கார்டில் மைக் ப்ரீ-ஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்குவது) ஒன்றுகூட இல்லை, எட்டையும் தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டும். கைச்செலவில் பாதி அங்கேதான் போகும், இதை முன்கூட்டியே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒலி எப்படி? அனலாக்கை டிஜிட்டலாக்கும் இன்றைய நல்ல கன்வெர்ட்டர்களின் பின்னணி இன்னும் அமைதியானதுதான். மெல்லிய கிட்டார் ஒன்றைத் தனியாகப் பதிந்தால் வித்தியாசம் தெரியும். டிரம்ஸில் எனக்குத் தெரியவில்லை.

பழையது வாங்கும்போது மதர்போர்டில் பிசிஐ ஸ்லாட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் பெட்டியைத் திறந்து, மின்தேக்கிகளின் தலை உப்பியிருக்கிறதா என்று கவனியுங்கள். இந்த வயதுள்ள எந்த மின்னணுப் பொருளிலும் முதலில் ஓய்வது அவைதான். அடாப்டரும் கூடவே வருகிறதா என்று கேளுங்கள். பெட்டிக்கு வேண்டியது ஏசி வெளியீடு தரும் அடாப்டர், கையில் கிடக்கும் டிசி அடாப்டரைச் செருகிப் பார்க்காதீர்கள். எட்டு உள்ளீட்டையும் ஒவ்வொன்றாகப் பதிந்து கேட்ட பிறகே காசைக் கொடுங்கள்.