கண்ணில்லாத இரு குகைமீன்கள்: மெக்சிகோவும் சோமாலியாவும்

மெக்சிகோவின் பச்சோன் குகைமீனும் சோமாலியாவின் ஃப்ரீயாட்டிக்திஸ் ஆண்ட்ரூசியும் வளர்ந்தபின் கண்ணற்றவை. ஆனால் வெளிச்சத்தைப் பொறுத்தவரை இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

பச்சோன் கருவில் கண் உருவாகத்தான் தொடங்குகிறது. கருவுற்ற முதல் நாளை ஒட்டியே லென்ஸ் செல்கள் மடியத் தொடங்கும். பிறகு கண் முழுதும் சுருங்கித் தோலுக்குள் புதையும். 2000இல் ஆய்வாளர்கள் யமமோட்டோவும் ஜெஃப்ரியும், ஆற்றில் வாழும் கண்ணுள்ள உறவுமீன் கருவின் லென்ஸைப் பச்சோன் கருவின் கண்ணுக்குள் வைத்தபோது கண் வளர்ந்தது! ஒளியுணர்வும் அற்றுப்போகவில்லை. ஒன்றரை நாள் குஞ்சின் மேல் நிழல் விழுந்தால் அது மேல்நோக்கி நீந்தும். தலை உச்சியிலுள்ள, ஒளியை உணரும் பினியல் உறுப்பை நீக்கினால் இந்த எதிர்வினை வெகுவாகக் குறையும். இதைச் சோதிப்பவர்கள் குஞ்சு இருக்கும் தட்டை அசைக்கவே கூடாது. அதிர்வில் துள்ளும் குஞ்சை நிழலுக்குத் துள்ளியதாகக் கணக்கெடுத்துவிடுவோம்.

சோமாலிய மீனில் இழப்பு இன்னும் ஆழமானது. அதன் உடற்கடிகாரத்தை வெளிச்சத்தால் திருத்த முடியாது. காரணம், செல்களில் ஒளியை உணரும் மெலனாப்சின், டிஎம்டி ஆப்சின் ஆகிய புரதங்களின் மரபணுக்களில் பாதியிலேயே நிறுத்தக் குறி விழுந்து, புரதம் குறையாக நிற்கிறது. வரிக்குதிரை மீனின் ஆப்சினைச் சோமாலிய மீனின் செல்லுக்குள் செலுத்தினால் கடிகார மரபணுக்கள் மீண்டும் ஒளிக்கு இசைகின்றன. பழுது எங்கே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நேரம் தவறாமல் உணவிட்டால் கடிகாரம் ஓடும். ஆனால் அதன் சுற்று ஏறத்தாழ 47 மணி நேரம்.

கண் எப்படி அழிகிறது என்று அறிய பச்சோன்தான் சரியான மீன். ஆற்றில் வாழும் கண்ணுள்ள உறவோடு அதைக் கலப்பினம் செய்யலாம்.