மதுரைத் திட்டம்: ஓசிதான், ஆனால் திருட்டு இல்லை

வாட்ஸ்அப் குழுவில் யாராவது புதுப் புத்தகத்தின் பிடிஎஃப் போட்டால் போதும், "நன்றி அண்ணா" என்று பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள், எழுதியவருக்கு ராயல்டி போகுமா என்று ஒருவரும் யோசிக்க மாட்டார்கள். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். இப்போது பழைய நூல் எது வேண்டுமானாலும், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் பக்கம்தான் முதலில் போகிறேன்.

1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து ஏற்றியிருக்கிறார்கள். ஸ்கேன் படமாக இல்லாமல் எழுத்தாகவே இருப்பதால் உள்ளே தேடலாம், தேவையான வரியை எடுத்துக்கொள்ளலாம். என்ன, "பொன்" என்று தேடினால் "பொற்றாமரை" சிக்காது, அதற்குத் தொல்காப்பியரிடம்தான் சண்டை போட வேண்டும்.

எனக்குப் பிடித்தது, பதிப்புரிமையில் இவர்கள் காட்டும் கறார். எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை வாரிசுகளுக்கு என்கிறது இந்தியச் சட்டம். சங்கப் பாட்டு எல்லோருக்கும் பொது, ஆனால் அதற்குப் போன வருஷம் ஒருவர் எழுதிய உரை அவருடைய சொத்து. உ.வே.சா. 1942இல் காலமானார், எனவே அவருடைய குறுந்தொகை உரையை 2003 முதல் யாரும் போடலாம்.

அப்புறம் நாட்டுடைமை. 60 ஆண்டு காத்திருக்காமல், அரசே வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்து எழுத்தைப் பொதுவாக்கும் ஏற்பாடு. பாரதியின் எழுத்து உரிமையை 1949இலேயே சென்னை மாகாண அரசு எடுத்துக்கொண்டது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது, ஆனால் தொகை ஒரே தடவைதான், அதன் பிறகு பதிப்பகங்கள் போட்டி போட்டு விற்றாலும் குடும்பத்துக்கு ஒன்றும் வராது.

சமகால நாவல் தேடி இங்கே வராதீர்கள், அதைக் காசு கொடுத்துத்தான் படிக்க வேண்டும். சரி, நான் கொடுத்தேன். ஒரு செயலியில் வாங்கிய நாவலை அம்மாவின் டேப்லெட்டில் திறக்கவே முடியவில்லை. அச்சுப் பிரதியாக இருந்தால் இந்நேரம் சித்தி வீடு வரை போய்த் திரும்பியிருக்கும். மதுரைத் திட்டக் கோப்பில் அந்தத் தொல்லை இல்லை, முகப்புப் பக்கத்தை நீக்காமல் யாருக்கும் அனுப்பலாம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சித்திக்கும் அனுப்பிவிட்டேன்.