கரிசல் மண்ணில் வீட்டுப் பாதை: சரளையா, பேவர் பிளாக்கா?

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பூமியில் இருக்கும் எங்கள் வீட்டில், கேட்டிலிருந்து கார் நிறுத்தும் இடம் வரை 60 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட சரளைப் பாதை ஒன்று உண்டு. ஐப்பசி மழை வந்தால் சக்கரத் தடத்தில் நீர் தேங்கி, ஆண்டுதோறும் கொட்டிய ஜல்லி சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே இருந்ததால், பேவர் பிளாக் பதித்துவிடலாமா என்ற யோசனை எழுந்தது. இறுதியில் சரளையையே முறையாகத் திருத்தினோம். அதன்பின் நான்கு மழைக்காலங்கள் கடந்துவிட்டன.

பேவர் பிளாக்கில் வெறுங்காலோடு நடக்கலாம், விளக்குமாற்றால் கூட்டலாம். கான்கிரீட்டுக்கும் இது பொருந்தும். முதற்செலவு சரளைக்குத்தான் குறைவு.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் போட்ட கான்கிரீட்டில் விரிசலைப் பூசி அடைத்தாலும், அடியிலுள்ள மண் அசைந்துகொண்டிருக்கும்வரை அது மீண்டும் மீண்டும் வாய் திறக்கும். பேவர் பிளாக் மேடுபள்ளமானால் கற்களைப் பெயர்த்து, அடிமணலைச் சமன்செய்து, திரும்பப் பதிக்க ஆள் தேட வேண்டும். ஓரக்கட்டு நகர்ந்துவிட்டால் வரிசைகளே நெகிழ்ந்துவிடும். சரளையோ மண்ணோடு சேர்ந்து அசைந்து கொடுக்கிறது. பள்ளம் விழுந்தால் நாமே கிளறிச் சரிசெய்துகொள்ளலாம்.

ஆனால் அடித்தளம் சரியாக இருந்தால்தான் இந்த எளிமை வாய்க்கும். பழைய ஜல்லியை வாரி ஒதுக்கி, அரை அடி தோண்டி, ஜல்லியும் களிமண்ணும் கலக்காமலிருக்க ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்தோம். அதன்மேல் ஒன்றரை அங்குல ஜல்லியை 4 அங்குல உயரத்துக்கும், கிரஷர் தூள் (கல் உடைக்கும்போது விழும் தூள்) கலந்த முக்கால் அங்குல ஜல்லியை 2 அங்குல உயரத்துக்கும் பரப்பி, நீர் தெளித்து ரோலர் ஓட்டினோம். 600 சதுர அடிக்கு 2 அங்குலம் என்றால் 100 கன அடி, அதாவது ஒரு யூனிட். ஆக மொத்தம் மூன்று யூனிட், அமுங்குவதை ஈடுசெய்யச் சற்றுக் கூடுதல். உருண்டைக் கூழாங்கல் அழகாக இருந்தாலும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாமல் சக்கரத்தின் கீழ் உருளும். உடைத்த கல்லே வேண்டும். நடுப்பகுதியை ஓரங்களைவிட இரண்டரை அங்குலம் உயர்த்தி இருபுறமும் வாட்டம் கொடுத்ததுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்பேன், ஏனெனில் சரளைப் பாதையைக் கெடுப்பது வண்டியைக் காட்டிலும் தேங்கும் நீரே.

இப்போது புரட்டாசியில் ஓரத்துக்குச் சிதறிய ஜல்லியை நடுவுக்கு வாரிவிடுகிறோம். பள்ளத்தில் வெறுமனே ஜல்லி கொட்டினால் அதே இடத்தில் மீண்டும் பள்ளம் விழுகிறது. சுற்றிலும் கொத்திக் கிளறி, புது ஜல்லியோடு கலந்து திம்சுக் கட்டையால் இடித்து இறுக்கினால் நிற்கிறது. வேப்பஞ்சருகை அள்ளாமல் விட்டால் மக்கி மண்ணாகி, துணிக்கு மேலேயே புல் முளைக்கும்.

எங்கள் பாதையில் காரும் இருசக்கர வண்டியும் மட்டுமே போகின்றன; அன்றாடம் டிராக்டர் வரும் வீட்டுக்கோ சரிவான நிலத்துக்கோ இதையே பரிந்துரைக்கும் அளவு அனுபவம் எனக்கு இல்லை. சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ புழங்கும் வீடானால், பராமரிப்புச் சிரமத்தைப் பொறுத்துக்கொண்டு பேவர் பிளாக்கையே பதித்திருப்பேன்.