லாம்ப்ஸில் கிரீன்–குபோ கணக்கு: வெளியீட்டுக் கோப்பை நம்பலாம், கடைசி எண்ணை நம்ப வேண்டாம்

திரவத்தைத் தள்ளவோ இழுக்கவோ வேண்டாம். சமநிலையில் அதன் தகைவு (பரப்பளவுக்கான உள்விசை) தானாக ஏறி இறங்குவதைப் பார்த்தே பாகுநிலையை, அதாவது ஓட்டத்தை அது எதிர்க்கும் அளவை, கணக்கிட்டுவிடலாம். சிறு தள்ளலுக்கு ஒரு அமைப்பு காட்டும் எதிர்வினையை அதன் சமநிலை ஏற்ற இறக்கங்களோடு இணைக்கும் நேரியல் துலங்கல் கோட்பாடு தந்த பெரும் கொடை இது. 1954-இல் கிரீனும் 1957-இல் குபோவும் தந்த சூத்திரங்களைக் கணினியில் ஓட்ட, சாண்டியா ஆய்வகத்தில் வளர்ந்த, அணுக்களின் அசைவைப் படிப்படியாகக் கணக்கிடும் இலவச மென்பொருளான லாம்ப்ஸ் அருமையான கருவி. தகைவின் ஒரு நேர மதிப்பு சற்றுப் பின்னான மதிப்போடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதே தற்தொடர்பு. அதைக் காலத்தின் மேல் தொகையிட்டால் பாகுநிலை வரும். தற்தொடர்பைக் கணக்கிடுவது லாம்ப்ஸின் 'ஃபிக்ஸ் ஏவ்-கோரிலேட்' கட்டளை.

அதற்கு மூன்று எண்கள் வேண்டும்: எத்தனை காலப்படிக்கு ஒரு மாதிரி, எத்தனை மாதிரி நீளம், எத்தனை படிக்கு ஒரு வெளியீடு. 4 ஃபெம்டோ வினாடிப் படியில் 10, 200, 2000 என்று கொடுத்தால் சாளரம், அதாவது தற்தொடர்பைப் பார்க்கும் மொத்தக் கால நீளம், சுமார் 8 பிக்கோ வினாடி. 'ஏவ் ரன்னிங்' என்று சேர்க்க மறந்தால் ஒவ்வொரு வெளியீட்டுக்குப் பிறகும் சராசரி புதிதாகத் தொடங்கும். நீண்ட ஓட்டத்தின் பயன் கடைசித் தொகுப்பில் சேராது. இயல்பமைப்பே அப்படி இருப்பது பெரிய குறை.

தொகையிடும் 'டிராப்' சார்பில்தான் எனக்கு உடன்பாடில்லை. அது சாளரம் முழுவதையும் கூட்டிவிடுகிறது. தற்தொடர்பு அடங்கிய பிறகு வால் பகுதியில் மிஞ்சுவது இரைச்சல் மட்டுமே. மேல் எல்லை நீள நீள, தொகையீட்டின் பிழை ஏறத்தாழ அதன் வர்க்கமூலமாக வளரும். சாளரம் குட்டையானாலோ தொகை முழுதாக வந்து சேராது. வெளியீட்டுக் கோப்பின் கடைசித் தொகுப்பை எடுத்து, மேல் எல்லையை நீட்ட நீட்டத் தொகையீடு எப்படி மாறுகிறது என்று வரைந்து, அது சமதளமாகும் இடத்தில் படியுங்கள். வெவ்வேறு தொடக்க வேகங்களில் பத்து ஓட்டமாவது வேண்டும். பிழையளவைச் சொல்வது அவற்றின் சிதறல்தான். பாகுநிலைக்கு தகைவு அணியின் மூன்று குறுக்குத் தகைவுகளோடு (xy, xz, yz) நிறுத்தாமல், மூலைவிட்ட உறுப்புகளின் (xx, yy, zz) வேறுபாட்டில் பாதியை இரண்டு சோடிகளுக்கு எடுத்துச் சேர்த்தால் ஐந்து கூறுகள் கிடைக்கும். கூடுதல் ஓட்டமில்லாமலே சராசரி மேம்படும்.

வெப்பநிலையை நிலைநிறுத்தும் தெர்மோஸ்டாட், திரவத்தைச் சமநிலைக்குக் கொண்டுவரும் வரை போதும். அளவெடுக்கும்போது ஆற்றல் மாறாத ஓட்டமே சரி. லாஞ்செவின் வகைத் தெர்மோஸ்டாட் சேர்க்கும் உராய்வு உந்தத்தை உறிஞ்சி, தற்தொடர்பையே மாற்றிவிடும்.

இதே முறையில் வெப்பப் பாய்வின் தற்தொடர்பிலிருந்து வெப்பக் கடத்துதிறனைக் கணக்கிடும்போது இன்னும் கவனம் வேண்டும். வெப்பப் பாய்வுக்குத் தரும் அணுவாரித் தகைவில் 'விரியல்' பகுதி (அணுக்களுக்கு இடையேயான விசைகளால் வருவது) மட்டும் இருக்கட்டும். அணுக்களின் வேகத்தால் வரும் இயக்கப் பகுதியும் சேர்ந்தால் அது இருமுறை எண்ணப்படும். கோணம், முறுக்கு விசைகள் உள்ள மூலக்கூறுகளில் வழக்கமான அணுவாரித் தகைவு தவறான பாய்வைத் தரும். அங்கே அணுவாரித் தகைவின் 'சென்ட்ராய்ட்' வகையைத்தான் எடுக்க வேண்டும்.

தற்தொடர்பு மெல்லத் தேயும் பாலிமர் உருகல்களுக்கு, பல கால அளவுகளில் தொகுக்கும் 'கோரிலேட்-லாங்' கட்டளை நினைவகத்தை மிச்சப்படுத்தும்.