ஷோரூம் கொட்டேஷன்: பேரம் படியும் தொகைகளும் படியாத தொகைகளும்

தமிழ்நாட்டு கார் ஷோரூம்கள் நன்றாகச் செய்கிற வேலைகள் பல. டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறார்கள். லோன் பேப்பர்களை வேகமாக நகர்த்துகிறார்கள். பதிவு வேலைக்காக வாங்குபவர் ஆர்டிஓ அலுவலகம் போய் நிற்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. இவற்றுக்கெல்லாம் 5-க்கு 4 தாராளமாகத் தரலாம். விலைத் தாளுக்கு 2-க்கு மேல் தர முடியாது. ஒரே கம்பெனியின் மூன்று டீலர்களிடம் ஒரே வேரியன்ட்டுக்கு கொட்டேஷன் வாங்கிப் பாருங்கள். எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது பதிவும் காப்பீடும் சேராத வண்டி விலை, மூன்றிலும் ஒரே ரூபாயில் நிற்கும். எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு தொகை மட்டும் இருபதாயிரம், முப்பதாயிரம் என்று விலகும். அந்த விலகல் முழுவதும் தாளில் எக்ஸ்-ஷோரூமுக்குக் கீழே எழுதியிருக்கும் வரிகளில் இருக்கிறது. "எவ்வளவு டிஸ்கவுண்ட் தருவீங்க?" என்று மட்டும் கேட்பவருக்கு ஒரு வரியில் கொடுத்ததை இன்னொரு வரியில் எடுத்துக்கொள்வது ஷோரூமுக்கு மிகச் சுலபம். அதனால் பேச வேண்டியது ஆன்-ரோடு மொத்தத் தொகையை. அதையும் வரி வரியாக, சீல் போட்ட தாளில் வாங்கிக்கொண்டு பேச வேண்டும்.

முதல் வரியான எக்ஸ்-ஷோரூம் விலையில் டீலருக்கு அசைய இடம் குறைவு. அதை நிர்ணயிப்பது கம்பெனி, ஜிஎஸ்டியும் அதற்குள்ளேயே அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்குள் 1200 சிசி வரையுள்ள பெட்ரோல் கார்களுக்கும் 1500 சிசி வரையுள்ள டீசல் கார்களுக்கும் 18 சதவீதம், அதைவிடப் பெரியவற்றுக்கு 40 சதவீதம், மின்சாரக் கார்களுக்கு 5 சதவீதம். எக்ஸ்-ஷோரூம் விலையில் கிடைக்கும் தள்ளுபடி பெரும்பாலும் கம்பெனி அந்த மாதத்துக்கு அறிவித்த சலுகைதான்: கன்ஸ்யூமர் ஆஃபர், எக்ஸ்சேஞ்ச் போனஸ், கார்ப்பரேட் சலுகை, அதே கம்பெனி வண்டி ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு லாயல்டி போனஸ். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "டிஸ்கவுண்ட் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் முதல் ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். கார்ப்பரேட் சலுகைக்குப் பெரிய கம்பெனியில்தான் வேலை பார்க்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அரசு ஊழியர், ஆசிரியர், வங்கி ஊழியர் என்று பட்டியல் பல கம்பெனிகளில் நீளமானது. அடையாள அட்டையும் சம்பளச் சீட்டும் கையில் இருக்கட்டும்.

எல்லா ஷோரூமிலும் பேரம் உண்டு என்றும் சொல்ல முடியாது. மெர்சிடிஸ்-பென்ஸ் 2021 அக்டோபர் முதல் இந்தியாவில் நாடு முழுக்க ஒரே விலை என்ற முறைக்குப் போய்விட்டது. ஸ்டாக் கம்பெனியுடையது, பில்லும் கம்பெனியின் பெயரில். அங்கே டீலரிடம் விலை பேசிப் பயனில்லை.

அடுத்தது வாழ்நாள் வரி, அதாவது பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரி. இதில் பேரமே கிடையாது, ஆனால் வேரியன்ட் தேர்வை இது புரட்டிப் போடும். 2023 நவம்பரில் மாற்றியமைத்த விகிதப்படி, தமிழ்நாட்டில் காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். எந்தப் படியில் விலை விழுகிறதோ அந்த விகிதம் மொத்த விலைக்கும் பொருந்தும். 9,99,000 ரூபாய் காருக்கு வரி 1,29,870. 10,01,000 ரூபாய் காருக்கு 1,80,180. விலையில் 2,000 ரூபாய் கூடினால் வரியில் 50,310 கூடுகிறது. 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி, வேறு சேரும். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், ஆனால் வண்டி எடுக்கும் நாளில் கையிலிருந்து போக வேண்டிய பணம். 10 லட்சத்தை ஒட்டிய வேரியன்ட்டுகளில் "இன்னும் கொஞ்சம் போட்டா சன்ரூஃப் வந்துடும் சார்" என்று சொல்லும்போது இந்தக் கணக்கை அங்கேயே போட்டுப் பாருங்கள். அந்த சன்ரூஃபின் உண்மையான விலை அப்போது தெரியும்.

"ஆர்டிஓ சார்ஜஸ்" என்று ஒரே தொகையாக எழுதிய வரியைப் பிரிக்கச் சொல்லுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிப்படி சொந்த உபயோகக் காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய், ஸ்மார்ட் கார்டு 200, லோன் இருந்தால் வண்டி வங்கியிடம் ஈடாக இருப்பதைக் குறிக்கும் ஹைப்போதிகேஷன் பதிவுக்கு 1,500. வாழ்நாள் வரி, சாலைப் பாதுகாப்பு வரி எல்லாவற்றுக்கும் அரசு ரசீது உண்டு. ரசீது இல்லாத மிச்சம் ஷோரூம் தனக்காகச் சேர்த்துக்கொண்டது. நம்பர் பிளேட்டுக்குத் தனித் தொகை இருந்தால் அடிக்கச் சொல்லலாம்: 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை வண்டியோடு தர வேண்டியது தயாரிப்பாளரின் பொறுப்பு. ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ், டெப்போ சார்ஜ் என்று எந்தப் பெயரில் வந்தாலும் அதுவும் நீக்க வேண்டிய தொகைதான். ஷோரூம் வரை வண்டி வந்து சேரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள் அடங்கியது. "எல்லாருக்கும் போடுறதுதான் சார், சிஸ்டத்துல எடுக்க முடியாது" என்பார்கள். எடுக்க முடியாவிட்டால் அதே தொகையை ஆக்சஸரீஸ் வரியில் கழிக்கச் சொல்லுங்கள். அதற்கு சிஸ்டம் எப்போதும் இடம் தரும்.

இந்தத் தாளில் அதிகப் பணம் ஒளிந்திருப்பது இன்ஷூரன்ஸ் வரியில். புதுக் காருக்குத் தேர்டு பார்ட்டி காப்பீடு (மற்றவருக்கு நேரும் இழப்புக்கு) மூன்று ஆண்டுக்கு எடுத்தாக வேண்டும், ஓன் டேமேஜ் (உங்கள் வண்டியின் சேதத்துக்கு) ஓர் ஆண்டுக்குப் போதும். தேர்டு பார்ட்டிப் பிரீமியம் அரசு நிர்ணயித்தது. 2022 ஜூன் முதல் அமலான கட்டணத்தில் மூன்றாண்டுக்கு 1000 சிசி வரை 6,521 ரூபாய், 1500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596, இவற்றோடு 18 சதவீத ஜிஎஸ்டி. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் இது மாறாது. மாறுவதெல்லாம் ஓன் டேமேஜும் ஆட்-ஆன்கள் என்ற கூடுதல் கவர்களும். அங்கேதான் ஷோரூம் கொட்டேஷனுக்கும் வெளியே கிடைக்கும் விலைக்கும் ஐந்து இலக்கத்தில் வித்தியாசம் வருகிறது.

ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஒரே ஐடிவி, அதாவது வண்டி முழுதாகப் போனால் காப்பீட்டில் கிடைக்கும் மதிப்பு, இருக்க வேண்டும். புது வண்டிக்கு அது எக்ஸ்-ஷோரூம் விலையில் 5 சதவீதம் கழித்தது, 9,50,000 ரூபாய் காருக்கு 9,02,500. ஐடிவியைக் குறைத்துப் பிரீமியத்தை மலிவாகக் காட்டும் தாள் வண்டி திருடுபோனால்தான் தன் குணத்தைக் காட்டும். ஆட்-ஆன்களில் ஜீரோ டெப், அதாவது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் பம்பர் டு பம்பர், முதல் ஆண்டில் விட்டுவிடக் கூடாதது. சென்னையில், குறிப்பாக வேளச்சேரி, முடிச்சூர் போன்ற தண்ணீர் நிற்கும் பகுதிகளில் இருப்பவர்கள் என்ஜின் புரொடெக்ட்டையும் கட்டாயம் சேருங்கள். தண்ணீர் புகுந்து என்ஜின் பழுதானால் சாதாரண பாலிசி அதற்குப் பணம் தராது. டயர் கவர், சாவி கவர், உடைமை கவர் எல்லாம் தாளை நீளமாக்க வந்தவை. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு வேறு வண்டியின் பாலிசியிலோ தனியாகவோ ஏற்கெனவே இருந்தால் இன்னொன்று வேண்டாம். கொட்டேஷனில் அதை மூன்றாண்டுக்குப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பழைய கார் வைத்திருந்தவர்கள் நோ கிளெய்ம் போனஸை (என்சிபி), அதாவது இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கான பிரீமியக் கழிவை, மறந்துவிடுகிறார்கள். ஐந்து ஆண்டு கிளெய்ம் இல்லையென்றால் 50 சதவீதம், அது வண்டிக்கு அல்லாமல் உங்களுக்குச் சேர்ந்தது. பழைய வண்டியை விற்று, அந்தக் காப்பீட்டு நிறுவனத்திடம் என்சிபி கடிதம் வாங்கினால், மூன்று ஆண்டுக்குள் புது வண்டியின் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம். ஷோரூம் தானாக இதைக் கேட்பது அபூர்வம்.

வெளியே இன்ஷூரன்ஸ் போடுகிறேன் என்றதும் இரண்டு பதில்கள் வரும். "இங்க போட்டாதான் டிஸ்கவுண்ட்" என்பது ஒன்று. டீலர்கள் வழியாக விற்கும் காப்பீட்டுக்கான, காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐயின் விதிகள் 2017 நவம்பர் முதல் அமலில் உள்ளன. குறிப்பிட்ட பாலிசியை எடுக்கும்படி வாங்குபவரைக் கட்டாயப்படுத்த அவை இடம் தருவதில்லை. "சரி சார், அதை மட்டும் கொட்டேஷன்ல எழுதிக் குடுத்துடுங்க" என்று அமைதியாகக் கேட்டால் போதும், எழுதித் தர மாட்டார்கள். "வெளியே போட்டா கேஷ்லெஸ் கிடைக்காது" என்பது இரண்டாவது. பழுதுச் செலவைக் காப்பீட்டு நிறுவனமே ஒர்க்ஷாப்புக்கு நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ், அந்த இருவருக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் சர்வீஸ் சென்டர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நடைமுறையில் நல்ல வழி, வெளியே வாங்கிய கொட்டேஷனைக் காட்டி ஷோரூமையே அந்த விலைக்கு இறங்கச் சொல்வது. பெரும்பாலும் இறங்குவார்கள், முழுதாக இல்லாவிட்டாலும் ஓரிரண்டாயிரம் வித்தியாசம் வரைக்குமாவது. அந்த வித்தியாசத்துக்கு ஷோரூமிலேயே எடுப்பது கிளெய்ம் நேரத்தில் அலைச்சலைக் குறைக்கும்.

ஆக்சஸரீஸ் வரியைச் சுருக்கமாக முடிக்கலாம். மேட், மட் ஃபிளாப், சீட் கவர் மூன்றும் சென்னை புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு கடைகளில் கணிசமாகக் குறைவு. "பேசிக் கிட்" கட்டாயம் கிடையாது. டெஃப்ளான், செராமிக், அண்டர்பாடி கோட்டிங் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி உண்மையிலேயே பயனுள்ளது, டர்போ, ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கு எடுத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் பெரும்பாலான கம்பெனிகளில் வாரண்டி முடிவதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் சேரலாம். முதல் நாளே எடுத்தால் விலை குறைவு என்பதால் அதைப் பேரத்தின் கடைசிச் சலுகையாகக் கேளுங்கள். பணமாக இறங்காத மேனேஜர் வாரண்டியாக இறங்குவதுண்டு.

லோனில் இஎம்ஐயைப் பார்க்காமல் வட்டி விகிதத்தையும் பிராசஸிங் கட்டணத்தையும் பாருங்கள். 8 லட்சம், 5 ஆண்டு, 9 சதவீதம் என்றால் இஎம்ஐ 16,607. 9.5 சதவீதம் என்றால் 16,801. மாதம் ஏறக்குறைய 195 ரூபாய் பெரிதாகத் தெரியாது, 60 மாதத்தில் ஏறக்குறைய 11,700 ரூபாய். உங்கள் சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிக்கொண்டு போனால் ஷோரூமின் ஃபைனான்ஸ் மேசை தன் விகிதத்தைத் தானே குறைக்கும்.

எப்போது பேசுவது என்பதும் முக்கியம். மாதத்தின் கடைசி வாரத்தில் டார்கெட் எட்டாத ஷோரூமில் சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் சொன்ன "கடைசி விலை" மேனேஜர் மேசையில் இன்னும் குறையும். எக்ஸிக்யூட்டிவுக்கு ஓர் எல்லை வரைதான் அதிகாரம் என்பதால் அவரிடம் மணிக்கணக்கில் பேசுவது வீண். ஆடியில் நம் ஊரில் வண்டி எடுப்பவர் குறைவு, ஷோரூம்கள் அதற்கென்றே சலுகை வைக்கின்றன. சம்பிரதாயம் பார்ப்பவர்கள் ஆடியிலேயே விலையை முடித்துக்கொண்டு ஆவணியில் டெலிவரி கேட்கலாம், ஆனால் விலை பில் போடும் நாளுக்குரியது என்பதை நினைவில் வைக்க வேண்டும். மார்கழியில் இதே யோசனை ஆபத்தானது. டிசம்பர் சலுகையில் பேசி, தை பிறக்கட்டும் என்று தள்ளினால், ஜனவரியில் கம்பெனிகள் வழக்கமாக அறிவிக்கும் விலை உயர்வும் சேரும், கையில் வருவது போன வருடத் தயாரிப்பாகவும் இருக்கும். மறுவிற்பனையில் பதிவுத் தேதியைவிடத் தயாரிப்பு ஆண்டைத்தான் பார்ப்பார்கள். போன வருட வண்டி என்றால் அதற்கேற்ற கூடுதல் தள்ளுபடி இல்லாமல் எடுக்காதீர்கள்.

பழைய காரை எக்ஸ்சேஞ்சில் விடுவதாக இருந்தால் புது வண்டியின் விலை முடியும்வரை அதைப் பற்றி வாயே திறக்காதீர்கள். வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டுப் போங்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸ் 30,000 என்று சொல்லிவிட்டு வண்டி விலையில் 40,000 குறைத்தால் போனஸ் எங்கே? அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது, ஒப்படைத்ததைத் தெரிவிக்கும் 29சி படிவம் தாக்கலானதா என்று பார்த்து நகல் வாங்குங்கள். பெயர் மாறாத வண்டியால் விபத்து நடந்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

பணம் கட்டும் வரிசையில் தவறினால் இவ்வளவு பேசியதும் வீணாகும். புக்கிங் தொகை டீலரின் கம்பெனிக் கணக்குக்கு மட்டும் போக வேண்டும், எக்ஸிக்யூட்டிவின் யுபிஐக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். ரொக்கமாக 2 லட்சம் அல்லது அதற்கு மேல் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. புக்கிங் படிவத்திலேயே மொத்தத் தொகை, நிறம், தயாரிப்பு மாதம், ரத்துசெய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுதி வாங்குங்கள். சேசிஸ் நம்பர் ஒதுக்கியபின், பதிவுக்கு முன், யார்டுக்குப் போய் அந்த நம்பருள்ள வண்டியையே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 3225 என்றால் 2025-இன் 32-ஆம் வாரத் தயாரிப்பு. நான்கு டயரும் ஸ்டெப்னியும் ஏறக்குறைய ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும். கதவு இடைவெளி, பம்பர் மூலைகளின் பெயின்ட், ஓடோமீட்டர், ஏசி, எல்லா ஜன்னல்களும். பிறகு 21-ஆம் படிவமான விற்பனைச் சான்றிதழில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் சொன்னபடி இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். பதிவான பிறகு வண்டியை வேண்டாம் என்று சொல்வது ஏறக்குறைய முடியாத காரியம். அதனால் முழுப் பணமும் இந்தச் சோதனைக்குப் பிறகுதான்.

இரு சக்கர வண்டிக்கும் இதே முறைதான், தொகை சிறியதால் யாரும் கேட்பதில்லை, அவ்வளவே. வாழ்நாள் வரி ஒரு லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12. தேர்டு பார்ட்டி ஐந்து ஆண்டுக்கு, 75 முதல் 150 சிசி வரை 3,851 ரூபாய். இங்கே லோன் வட்டியை "ஃபிளாட்" கணக்கில், அதாவது கட்டிய அசலைக் கழிக்காமல் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் போட்டு, சொல்வார்கள். 5 ஆண்டுக்கு 6 சதவீத ஃபிளாட் என்பது குறையும் நிலுவைக் கணக்கில் ஏறக்குறைய 11 சதவீதம். ஹெல்மெட்டுக்குப் பணம் போட்டிருந்தால் மத்திய மோட்டார் வாகன விதி 138-ஐக் காட்டுங்கள்: பிஐஎஸ் தரமுள்ள ஹெல்மெட்டை வண்டி வாங்கும்போதே தர வேண்டியது தயாரிப்பாளரின் கடமை. பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடியும் பின்சக்கரத்தை மறைக்கும் தடுப்பும் விதி 123-இன்படி வண்டியோடு வர வேண்டியவை. சேலை கார்டு என்று அதற்குத் தனியாக எழுதிய ரூபாயையும் சேர்த்தே அடிக்கச் சொல்லுங்கள்.